கடை ஷட்டரை வண்டி முட்டினால்: புதிதாகக் கடை போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஷட்டர் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பலருக்கு முகம் மாறிவிடும். தகட்டின் கனத்தைக் கேஜ் எண்ணால் சொல்வோம். 20 கேஜ் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் கூட வராது. 18 கேஜ் என்றால் ஒன்றே கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ராத்திரி பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறோமே, நமக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான். கடப்பாரையை அது கொஞ்ச நேரம் தாங்கும். பின்னோக்கி வருகிற ஒரு பிக்கப் வண்டியைத் தாங்காது.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் பட்டறை வைத்து ஷட்டர், கிரில் வேலை செய்கிறவன் நான். புதிதாகக் கடை போடும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் ஷட்டரின் நிறம், பூட்டின் விலை. வண்டியை ஷட்டர் வரைக்கும் வரவிடாமல் செய்வது எப்படி என்று கேட்பவர் குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வண்டியை வெளியிலேயே நிறுத்த வேண்டும். மற்ற செலவெல்லாம் அதற்கு அப்புறம்.

வண்டியால் கடையை இடித்துத் திறந்து திருடுவதற்கு ஆங்கிலத்தில் ராம் ரெய்டு என்று பெயர். பிரிட்டனில் 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் திருட்டுக் காரை வைத்துக் கடைமுகப்பை இடித்துத் திறப்பது பெருகியது. நியூசிலாந்தில் 2022ல் இதே தொல்லை மிகவும் கூடி, கடை முன்னால் தடுப்புத் தூண் நடவும், கடைக்குள் புகை கக்கும் கருவி வைக்கவும் அரசாங்கமே பணம் கொடுத்தது. நம்மூரில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. ஷட்டரிலோ ஏடிஎம் மெஷினிலோ சங்கிலியைக் கட்டி வண்டியால் இழுப்பது. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஜேசிபியைத் திருடிவந்து ஏடிஎம்மையே பெயர்த்து எடுத்தார்கள்.

"நம்ம ஊர்ல அப்படியெல்லாம் எங்க நடக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். திருடன் வராவிட்டாலும் வண்டி வரும். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்த கார், ரிவர்ஸ் எடுக்கும் குட்டியானை வண்டி, இறக்கத்தில் பிடி நிற்காத லாரி எல்லாம் கடைக்குள் ஏறியதுண்டு. அது பகலில், ஆள் நிற்கும்போது நடக்கும். திருடனுக்காக நடும் தூண் அன்றைக்கு வாடிக்கையாளரின் காலையும் உயிரையும் காப்பாற்றும்.

முதலில் ரோட்டுக்கு எதிர்ப்புறம் போய் நில்லுங்கள்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போங்கள். பகலில் கடை முன்னால் பைக் நிற்கும், பழவண்டி நிற்கும், ஆட்டோ நிற்கும். எல்லாம் சேர்ந்து ஒரு வேலி மாதிரித் தெரியும். ராத்திரி அந்த வேலி வீட்டுக்குப் போய்விடும். உங்கள் கடையின் உண்மையான முகப்பு அப்போதுதான் தெரியும்.

அங்கே நின்று ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். ஒரு வண்டி ஷட்டரை நேருக்கு நேர் பார்த்து வர எத்தனை மீட்டர் ஓட்டம் கிடைக்கிறது? சாதாரணக் கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பி மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட பதினைந்து மீட்டர் சுமார் போதும். வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்காகும். அதனால் ஓட்டத்தைக் குறைப்பதே பாதிப் பாதுகாப்பு. மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் கடைத்தெருக்களில் ரோடு ஒடுக்கம். குறுக்கே திரும்பி மோதுபவனுக்கு ஓட்டமே கிடைக்காது. ஊருக்கு வெளியே, முன்னால் விசாலமாகப் பார்க்கிங் விட்டுக் கட்டும் புதுக் கடைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அந்தப் பார்க்கிங்கின் வாசலைக் கடையின் ஷட்டருக்கு நேராக வைக்காமல் ஓரமாகத் தள்ளுங்கள். நடுவில் இரண்டு பூந்தொட்டித் திட்டு கட்டி, வண்டி வளைந்துதான் வரமுடியும் என்று செய்தாலே வேகம் அடங்கிவிடும்.

தெருக்குத்து இடம் என்றால் நம் ஆட்கள் பிள்ளையாரை வைப்பார்கள், அல்லது இடமே வேண்டாம் என்பார்கள். சாஸ்திரம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு தெரு நேராக வந்து உங்கள் வாசலில் முட்டினால் அந்தத் தெருவின் முழு நீளமும் வண்டிக்கு ஓட்டம். அங்கே தூண் இல்லாமல் கடை திறக்காதீர்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் இறக்கத்தின் அடியில் இருக்கும் கடைகளுக்கும் இதையே சொல்வேன்.

வாசல்படியையும் பாருங்கள். பழைய கடைகளில் மூன்று படி ஏறித்தான் உள்ளே போவோம். அந்தத் திண்ணை ஒரு அரண். செங்குத்தான படி கார் சக்கரத்தின் பாதி உயரத்தைத் தாண்டினால், அதாவது ஒரு அடிக்கு மேல் போனால், வண்டி அதில் ஏறித் தாண்டுவது கஷ்டம். ரோட்டை ஒவ்வொரு முறை போடும்போதும் மட்டம் உயர்ந்து, பல கடைகளில் அந்தப் படி இன்று தரையோடு தரையாகிவிட்டது. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குச் சரிவுப் பாதை கட்டாயம் வேண்டும். அதை ரோட்டிலிருந்து நேராக ஷட்டருக்கு ஏறும்படி கட்டினால் வண்டிக்கும் அதுவே பாதையாகிவிடும். சுவரை ஒட்டி, பக்கவாட்டில் ஏறும்படி கட்டுங்கள்.

இடம் யாருடையது?

தூண் உங்கள் பட்டா இடத்துக்குள் வரவேண்டும். ரோட்டோரமும் நடைபாதையும் நெடுஞ்சாலைத் துறைக்கோ மாநகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ உரியது. அங்கே அனுமதி இல்லாமல் நட்டால் ஆக்கிரமிப்பு என்று பிடுங்குவார்கள். ஒரு பைக்காரர் அதில் மோதி விழுந்தால் பொறுப்பும் உங்கள் தலையில் வரும். வாடகைக் கடை என்றால் கட்டட உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது தூண் யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். குழி தோண்டும் முன் குடிதண்ணீர்க் குழாயும் கரண்ட் கேபிளும் எந்தப் பக்கம் போகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கடப்பாரையை எடுங்கள்.

தூண்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கேதான் ஏமாற்று அதிகம், நானும் இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன்.

பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு செல்போன் கடைக்கு மூன்று பைப் தூண் போட்டுக் கொடுத்தேன். அடியில் தட்டு வெல்டிங் செய்து, டைல்ஸ் மேல் துளை போட்டு போல்ட் முறுக்கி நிறுத்தினேன். பளபளவென்று இருந்தது. பக்கத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சி வந்து காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நட்டது மாதிரி இல்லியே, ஒட்டி வச்சது மாதிரில்லா இருக்கு" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது மாதம் சரக்கு இறக்க வந்த மினி லாரி, நடக்கிற வேகத்தில் பின்னால் வந்து தொட்டது. போல்ட், டைல்ஸ், அடியில் இருந்த இரண்டு அங்குலக் கான்கிரீட் எல்லாம் அப்படியே பெயர்ந்து தூண் சாய்ந்தது. அன்றைக்கு அங்கே யாரும் நிற்கவில்லை. அதற்கப்புறம் தட்டு வைத்த தூணைப் பாதுகாப்புக்கு என்று நான் யாருக்கும் போட்டதில்லை. பைக்கை ஒழுங்காக நிறுத்த அது போதும், வண்டியை நிறுத்தாது.

தூணின் பலம் மண்ணுக்குள் இருக்கிறது. 6 அங்குல பைப், சி கிளாஸ் என்கிற கனமான வகை, சுவர்க் கனம் 5.4 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் கனம் குறைந்த பைப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், எடை போட்டு வாங்கினால் தெரிந்துவிடும். 20 அடி நீளத்தை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆறரை அடிக்கு ஒட்டி வரும். மேலே மூன்றடி, கீழே மூன்றரை அடி. குழி இரண்டடிக்கு இரண்டடி அகலம், நான்கடி ஆழம். அடியில் அரையடி கான்கிரீட் போட்டு அதன் மேல் பைப்பை நிறுத்துங்கள். பைப்பின் கீழ்ப்பகுதியில் குறுக்கே துளை போட்டு 16 மில்லிமீட்டர் கம்பி இரண்டைச் சிலுவைபோல நுழைத்து வெல்டிங் செய்தால் தூண் சுழலவும் செய்யாது, மேலே எழும்பவும் செய்யாது. கான்கிரீட் எம் 25, அதாவது சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்று, ஜல்லி இரண்டு. பைப்புக்குள்ளும் அதே கான்கிரீட்டை உச்சி வரை நிரப்பிக் கம்பியால் குத்திவிடுங்கள். உள்ளே வெறுமையாக இருந்தால் அடிபட்ட இடத்தில் பைப் நசுங்கி மடங்கும்.

ஏழு நாளாவது சாக்கு போட்டு நனையுங்கள். கான்கிரீட் முழுப் பலத்துக்கு வர 28 நாள் ஆகும். திறப்பு விழா வெள்ளிக்கிழமை, தூண் புதன்கிழமை என்று என்னிடம் வருகிறவர்களை ஒரு மாதம் முன்னால் வரச்சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

இடைவெளி விஷயத்தில் கணக்குத் தப்பக்கூடாது. இரண்டு தூணுக்கும் நடுவில் காலியிடம் நான்கடிக்கு, அதாவது 1.2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மூன்றடிக்குக் குறையவும் கூடாது, சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாயும் போகவேண்டும். ஷட்டரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி நடுங்கள். அடிபட்ட தூண் கொஞ்சம் சாயும், வண்டியின் மூக்கும் உள்ளே நீளும். அதற்கு இடம் வேண்டும்.

நகைக்கடை, அடகுக்கடை போன்றவர்கள் என் போன்ற பட்டறை ஆளின் கணக்கோடு நிற்க வேண்டாம். மோதிப் பார்த்துச் சான்று வாங்கிய தூண்கள் விற்பனைக்கு உண்டு. கடைமுகப்புக்கென்றே உள்ள அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப் 3016. சுமார் 2,270 கிலோ வண்டியை மணிக்கு 16, 32, 48 கிலோமீட்டர் வேகங்களில் மோதவிட்டுப் பார்ப்பார்கள். எந்த வேகத்துக்குச் சான்று, வண்டி எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்ற இரண்டையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நம் மாவட்டத்து மண் ஒரே மாதிரி இல்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் தூணை இறுகப் பிடிக்கும். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் என்று கடற்கரைப் பக்கம் வந்தால் மணல். அங்கே தனித்தனிக் குழி போதாது. தூண்கள் எல்லாவற்றையும் அடியில் ஒரே கான்கிரீட் பீமில் கம்பி கட்டி இணைத்துவிடுங்கள். ஒன்றில் அடி விழுந்தால் மற்றவையும் சேர்ந்து தாங்கும். உப்புக்காற்றுக்கு வெறும் பெயின்ட் நிற்காது, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு வேண்டும். அழகுக்காக எவர்சில்வர் உறை போடுகிறவர்கள் 304 தரம் வாங்கினால் கடற்கரையில் பழுப்புக் கறை பிடிக்கும், 316 வாங்குங்கள். நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. தூண் துருப்பிடிப்பது பெரும்பாலும் தரையைத் தொடும் இடத்தில்தான். அங்கே தண்ணீர் நிற்காதபடி சுற்றிலும் சரிவாகப் பூசுங்கள், உச்சியையும் குமிழாகப் பூசி மூடுங்கள். ராத்திரி பைக்கில் வருபவருக்குத் தெரிய மஞ்சள் பெயின்ட்டும் ஒளி திருப்பும் பட்டையும் வேண்டும்.

முன்னால் ஓடை என்றால்

பாதிக் கடைகளுக்கு இதுதான் சிக்கல். படி இறங்கினால் சாக்கடை ஓடையை மூடிய ஸ்லாப், அதற்கப்புறம் ரோடு. ஸ்லாப்பில் தூண் நட முடியாது, நடவும் கூடாது. அப்படியானால் தூணை ஷட்டருக்கு உட்புறம் கொண்டுவாருங்கள். ஷட்டர் நசுங்கும், ஆனால் வண்டி சரக்கைத் தொடாது, திருடன் நுழையும் அளவு திறப்பும் எளிதில் கிடைக்காது. நாலடி தோண்ட முடியாத இடத்தில் ஒரு அடி ஆழத்துக்கு அகலமான கம்பி வலைச் சட்டம் போட்டு, தூண்களை அதோடு வெல்டிங் செய்து மேலே கான்கிரீட் போடும் முறையும் இருக்கிறது. அதைச் சிவில் இன்ஜினியரைக் கொண்டு கணக்குப் போட்டுச் செய்யுங்கள்.

செலவு குறைந்த வழி கல். நம் மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. பழைய தெருக்களில் வீட்டு மூலையை வண்டிச் சக்கரம் உரசாமல் இருக்க ஒரு கல்லை நட்டிருப்பார்களே, அதே யோசனைதான். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள கருங்கல் அரை டன்னுக்கு மேல் எடை வரும். சும்மா தரையில் வைத்தால் வண்டி அதையும் தள்ளிக்கொண்டு வரும். இன்னும் உயரமான கல்லாக எடுத்து, மூன்றில் ஒரு பங்கைப் புதைத்துச் சுற்றிலும் கான்கிரீட் போடுங்கள்.

சரக்கு வண்டி உள்ளே வரவேண்டிய கடைக்கு நடுவில் ஒரு தூணை மட்டும் கழற்றி மாட்டும் வகையாக வைக்கலாம். கழற்றிய தூணைத் திரும்ப மாட்ட மறந்து வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. தூணின் பூட்டுச் சாவியையும் ஷட்டர் சாவியையும் ஒரே வளையத்தில் கோர்த்துவிடுங்கள்.

ஷட்டரும் கண்ணாடியும்

ஷட்டருக்கு 18 கேஜ் கேளுங்கள், எண் குறைந்தால் கனம் கூடும். தகட்டின் இரு முனையிலும் பூட்டுக் கொக்கி வைத்துப் பக்கச் சட்டத்துக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். மோதும்போது தகடு கிழிவதைவிட, சட்டத்திலிருந்து உருவிக்கொண்டு வருவதுதான் அதிகம். வெளியில் சங்கிலி மாட்ட வசதியான பெரிய கைப்பிடி, வளையம் எதுவும் வேண்டாம். பூட்டு நடுவில் ஒன்று என்று விடாமல் இரு ஓரத்திலும் வைத்து, தாழ்ப்பாள் கான்கிரீட் தரைக்குள் இறங்கும்படி செய்யுங்கள். உள்ளே ஒரு மடக்குக் கதவு இருந்தால் திருடனுக்கு இரண்டாவது வேலை.

காட்சிக் கண்ணாடியில் டஃபண்ட் கிளாஸ், அதாவது சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடி, போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது உடைந்தால் ஒரே நொடியில் மொத்தமும் சிதறி வழிவிட்டுவிடும். நடுவில் ஒட்டுப் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் தொங்கிக்கொண்டே நிற்கும்.

உள்ளே

விலை கூடிய பொருளை முகப்புக்கு நேரே வைக்காதீர்கள். ராத்திரி காட்சித் தட்டைக் காலி செய்யுங்கள், காலியாக இருப்பது வெளியில் தெரியட்டும். பெட்டகத்தைக் கான்கிரீட் தரையோடு போல்ட் முறுக்குங்கள், வாசலுக்கு நேர்கோட்டில் வைக்காதீர்கள். முன்வாசலுக்குப் பின்னால் யாரையும் படுக்க வைக்காதீர்கள். காவலுக்கு என்று ஷட்டரை ஒட்டிப் பாய் விரித்துப் படுக்கும் பையனைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

தகவல் போக வேண்டும்

இந்தத் திருட்டு சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் ஷட்டரில் அதிர்வு சென்சார், உங்கள் போனுக்கு உடனே அழைப்பு, தெருவையே எழுப்பும் சைரன் மூன்றும் தேவை. கேமரா ஒன்று உள்ளே, ஒன்று ரோட்டைப் பார்த்து. ரோட்டுக் கேமரா நம்பர் பிளேட்டை மட்டும் தேடாமல் வண்டியின் உருவம், நிறம், போன திசை தெரியும்படி இருக்கட்டும். 2024 செப்டம்பர் 27 அன்று திருச்சூரில் மூன்று ஏடிஎம்களை வெட்டிப் பணம் எடுத்த கும்பல், வந்த காரையே கண்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு அதே நாளில் நாமக்கல் மாவட்டம் வரை வந்துதான் பிடிபட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் அடுத்த மாநிலம் என்கிற ஊர் நம்முடையது, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கேமராவின் பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்கு மேலே வைத்தால் அதையும் எடுத்துப் போவார்கள். மறைவான இடத்தில் வையுங்கள், ஒரு பிரதி இணையத்திலும் சேமிப்பாகட்டும்.

கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் திருவிழா, மண்டைக்காடு மாசிக் கொடை நாட்களில் போலீஸ் பாதுகாப்பு அந்தப் பக்கம் குவியும், கடைகளிலும் சரக்கு நிறைந்திருக்கும். அந்த வாரங்களில் வணிகர் சங்கத்தில் பேசித் தெருவுக்கு ஒரு இரவுக் காவலர் போட்டுக்கொள்ளுங்கள். ரோந்து வரும் காவலர் கையெழுத்துப் போடும் நோட்டு உங்கள் கடையில் இருக்கட்டும் என்று காவல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

காப்பீடு

சிறு கடைகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள கடைகளுக்கு உரியது. வண்டி மோதிக் கட்டடம் சேதமானால் அதில் வரும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகக் கொள்ளைக் காப்பீடு சேர்க்க வேண்டும். நகையும் ரொக்கமும் எந்தத் தலைப்பில் வருகின்றன என்று தனியாகக் கேளுங்கள். ராத்திரி இருப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் ஸ்டாக் கணக்கு கடைக்கு வெளியிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

நடந்துவிட்டால்

சத்தம் கேட்டு ஓடி வந்து வண்டிக்குக் குறுக்கே நிற்காதீர்கள். துரத்தவும் வேண்டாம். 112க்கு அழைத்து வண்டி போன திசையைச் சொல்லுங்கள். களியக்காவிளைப் பக்கமா, ஆரல்வாய்மொழிப் பக்கமா என்பது அவர்களுக்கு முதலில் தேவை. போலீஸ் வந்து பார்க்கும் வரை உடைந்த ஷட்டரை நிமிர்த்தாதீர்கள், கண்ணாடியைக் கூட்டாதீர்கள். டயர்த் தடமும் உரசிய பெயின்ட்டும் அங்கேதான் இருக்கும். நீங்கள் வெளியூரில் இருந்தால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. எஃப்ஐஆர் நகல் இலவசம், வாங்காமல் வராதீர்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கு அன்றே தகவல் கொடுத்து, சேதத்தை மதிப்பிடும் அவர்களுடைய சர்வேயர் வந்து பார்த்த அப்புறம் ஷட்டர் வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

அடி வாங்கிய தூண் நேராகவே நின்றாலும் அதைப் பெயர்த்தெடுத்துப் புதிது நடச் சொல்லுங்கள். உள்ளே கான்கிரீட் விரிசல் விட்டிருக்கும், வெளியில் தெரியாது.